வட்டி நிக்குதா, ஓடுதா?

எண்பதுகளில் கோவையில் மில் கதவடைப்பு என்றால், சிங்காநல்லூர் லைன் வீடுகளுக்காக முதலில் கவலைப்படுபவர் தண்டல்காரர்தான். அப்பாவுக்குச் சம்பளம் நின்ற சேதி, அப்பா வீடு வந்து சேருமுன்பே அவருக்குப் போயிருக்கும். 1,000 ரூபாய் தண்டல் என்றால் கையில் 850 வரும். தினம் 10 ரூபாயாக 100 நாள் கட்ட வேண்டும். ஆண்டு வட்டியாகப் பார்த்தால் 100 சதவீதத்தைத் தாண்டும். நல்லவேளை, எங்கள் வரிசையில் யாருக்கும் அந்தக் கணக்குப் போடத் தெரியாது. தெரிந்தவர் தண்டலுக்கு விட்டுக்கொண்டிருந்தார்.

சலுகை கேட்கும் பொறுப்பு அம்மாவுடையது. அப்பா அந்த நேரம் பார்த்து வீட்டுக்குப் பின்னால் பொடக்காளிப் பக்கம் போய்விடுவார்.

"வாங்கண்ணா, காப்பி குடிங்க. மில்லு தொறக்கற வரைக்கும் மூணு ரூபாயா வாங்கிக்குங்க."

"அதெல்லாம் ஆவாது அம்மிணி."

காப்பி ஆறுவதற்குள் ஐந்துக்கு வந்துவிடுவார். கட்டாத நாளுக்கு அட்டையில் பின்னால் ஒரு நாள் கூடும், அவ்வளவுதான். வட்டியை முன்னாலேயே பிடித்துக்கொண்டவருக்குத் தாராளம் சுலபம்.

அபராதம் இல்லாமல் இல்லை. பேரம் முடிந்து வாசலுக்கு வந்ததும், "ஊட்ல ஆம்பளை இருந்தா வெளிய வரச் சொல்லு" என்று தெருவுக்கே கேட்கும்படி ஒரு சத்தம் போட்டுவிட்டுத்தான் சைக்கிளை எடுப்பார். அம்மா அதையும் தவணையோடு சேர்த்தே கணக்கில் வைத்திருந்தாள்.

நான் அப்பாவைவிட நாகரிகமான கடனாளி. கல்யாண வீடியோ எடுப்பது தொழில். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. சித்திரை, வைகாசி முகூர்த்தங்கள் மொத்தமும் போயின. வீட்டுக்கடனில் 15 லட்சம் பாக்கி, 9 சதவீத வட்டி, இன்னும் 15 வருடம். யாரிடம் போய் நிற்பது என்று யோசிப்பதற்குள், 3 மாதத் தவணைகளைத் தள்ளிவைக்க வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி மார்ச் 27-இல் அனுமதி தந்தது. மே மாதம் இன்னும் 3 மாதம் கூட்டியது. காப்பி போட வேண்டியதில்லை. குறுஞ்செய்திக்குப் பதில் அனுப்பினால் போதும்.

அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"வட்டி நிக்குதா, ஓடுதா?"

"ஓடுதும்மா."

"அப்புறம் எதைத் தள்ளிவெச்சாங்க?"

ஓடிய வட்டி அசலில் ஏறியது. மாதத் தொகையை ஏற்றாமல் காலத்தை நீட்டினார்கள். கட்டாமல் விட்டது 6 தவணை. மொத்தத்தில் கூடியது 19. இந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், வட்டி வாங்கலாம், வட்டிக்கு வட்டி கூடாது என்று 2021 மார்ச் 23-இல் தீர்ப்பானது. அதற்கு முன்பே, 2 கோடி வரையிலான கடன்களுக்கு மத்திய அரசு அந்த வட்டிக்கு வட்டியைத் திருப்பித் தந்திருந்தது. என் கணக்கில் ஆயிரத்துச் சொச்சம் விழுந்தது. கேஸ் சிலிண்டர் வாங்கினோம்.

தள்ளிவைத்த 6 மாதம் முடிந்து 2020 செப்டம்பரில் தவணை திரும்பி வந்தது, வருமானம் வரவில்லை. போன் வந்தது. தினம் ஒரு குரல். "உங்க சிரமம் புரியுதுங்க சார், இன்னிக்கு எத்தனை மணிக்குக் கட்டுவீங்க?" நேற்று ஒருவரிடம் சொன்ன கதையை இன்று இன்னொருவரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டும். குறைத்துக்கொள்ள அவர்களுக்கு அதிகாரமும் இல்லை. வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் கண்டிப்பாகச் சொன்னது. விளக்கு வைத்தபின் காசு கைமாறாது என்பது எங்கள் வீட்டில் அம்மா போட்ட சட்டம். தண்டல்காரர் அதை மீறியதில்லை.

கேமரா வாங்கத் தனியாக எடுத்திருந்த கடனைப் பேசிக் குறைத்து ஒரேயடியாக முடித்தேன். சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்று ஏறியது, மதிப்பெண் இறங்கியது. அன்றைக்கோ, மில் திறந்த வாரமே தண்டல்காரர் அடுத்த 1,000-த்தை அவராகவே நீட்டினார். நல்ல மனதால் அல்ல. எங்களைப் போன்ற வாடிக்கை அவருக்கு எங்கே கிடைக்கும்?

19 தவணைக் கணக்கை அம்மாவுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சத்தம் போட்டாங்களா?" என்றாள்.

"இல்லம்மா. சார்னுதான் பேசறாங்க."

"அப்பத் தொகையில போட்டிருப்பாங்க."