யாருடைய எட்டு மணி?

ஸ்கூபாவில் முதல் பாடமே ஜோடிதான். தனியாகத் தண்ணீருக்குள் போகக் கூடாது. ஜோடியின் காற்று தீர்ந்துபோனால், நம் சிலிண்டரிலிருந்து நீளும் உபரிக் குழாயை அவர் வாயில் கொடுத்து, இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு மேலே வர வேண்டும். வங்கி வேலையில் விருப்ப ஓய்வு வாங்கிய கையோடு, ஐம்பத்து நான்கு வயதில், புதுச்சேரியில் போய் இதைப் படித்தேன். அப்போது எனக்கு வாய்க்கப்போகும் ஜோடி என் மாப்பிள்ளை என்று தெரியாது. மாமியாரின் மூச்சு மாப்பிள்ளை கையில். திருச்சியில் இதைச் சொன்னபோது என் நாத்தனார், "ஜாக்கிரதை" என்று ஒரே வார்த்தைதான் சொன்னாள். யாரைச் சொன்னாள் என்று இன்றுவரை தெரியவில்லை.

அட்லாண்டாவில் இருக்கும் மகளும் மாப்பிள்ளையும் ஜூலை மாதம் மயாமியிலிருந்து ஏழு இரவுக் கப்பல் பயணம் ஏற்பாடு செய்திருந்தார்கள். கிராண்ட் கேமன், கோசுமெல் இரண்டும் பட்டியலில் இருந்தன. ஸ்கூபாக்காரர்களுக்கு இவை காசி, ராமேசுவரம் மாதிரி. மகளுக்குத் தண்ணீர் என்றால் குடிக்க மட்டும். எங்கள் வீட்டுக்காரருக்கு அதுகூட வெந்நீராக இருக்க வேண்டும். ஆகவே நானும் மாப்பிள்ளையும்.

கப்பல்காரர்களே டைவிங்குக்கு அழைத்துப் போவார்கள். பணம் கூடுதல், கூட்டமும் கூடுதல். ஆனால் அதில் போனால், தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும். நாமாக ஒரு டைவிங் கடையைப் பிடித்துப் போனால் காத்திருக்காது. நம் அறையிலிருந்து பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்துத் துறைமுக ஏஜென்ட்டிடம் கொடுத்துவிட்டுப் புறப்பட்டுவிடுவதும் உண்டு. "அதெல்லாம் பார்த்துக்கலாம் அத்தை, நேரடியாவே புக் பண்றேன்" என்றார் மாப்பிள்ளை. ஐ.டி.யில் டெஸ்டிங் பிரிவில் இருப்பவர். பிழை கண்டுபிடிப்பதுதான் அவர் தொழில் என்று நானும் நம்பினேன்.

நேரடியாகப் புக் பண்ணுவது பெண் பார்ப்பதைவிடக் கஷ்டம். கடைக்காரர் முதலில் நம் பெயரைக் கேட்பதில்லை, கப்பலின் பெயரைக் கேட்கிறார். எந்தத் தேதி, எந்தத் துறை, எத்தனை மணிக்குள் திரும்ப ஏற வேண்டும், சான்றிதழ் எண் என்ன, கடைசியாக எப்போது தண்ணீரில் இறங்கினீர்கள். (சித்திரையில் புதுச்சேரியில், மூன்றடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத கலங்கலில் என்று எழுதினேன். "குட்" என்று பதில் வந்தது.) கோசுமெலில் பெரிய கப்பல்களுக்கு மூன்று துறைகள். எதில் நிறுத்துவார்கள் என்பதைக் கடைசி நேரத்தில் மாற்றவும் செய்வார்கள். இது கப்பலில் இருக்கிற நமக்குத் தெரிவதற்கு முன்பே கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "கப்பல் வராமலே போய்விட்டால் முன்பணம் திரும்ப வருமா?" காற்று பலமாக இருந்தால் கேப்டன் ஒரு ஊரையே தாண்டிப் போய்விடுவார், அதற்குக் காரணம்கூடக் கேட்க முடியாது. திரும்ப வரும் என்று எழுத்தில் வாங்கிய பிறகுதான் அட்டை எண்ணைக் கொடுத்தேன். முப்பது வருட வங்கி வேலை.

கூடவே ஒரு உடல்நலப் படிவம் வந்தது. எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றால் கடலில் இறங்கலாம். சில கேள்விகளுக்கு "ஆம்" என்றால் டாக்டர் கையெழுத்து வேண்டும். 45 வயதைத் தாண்டியவர், ரத்தக் கொதிப்பு உள்ளவர் என்று என்னையே பார்த்து அச்சடித்தது போல ஒரு வரி. தில்லைநகரில் எங்கள் குடும்ப டாக்டரிடம் போனேன். ஈ.சி.ஜி. எடுத்தார், இரண்டு மாடி ஏறி இறங்கச் சொன்னார், கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார். பிறகுதான் கேட்டார்: "ஒரு பேச்சுக்குக் கேக்கறேன், மூச்சை எவ்வளவு நேரம் அடக்குவீங்க?"

"அடக்கவே கூடாது டாக்டர். அடக்கினா நுரையீரல் கிழிஞ்சிடும். அதான் முதல் விதி."

முத்திரை குத்திய காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்பது போலப் பார்த்தார். நான் மடித்துப் பையில் வைத்துவிட்டேன்.

கிராண்ட் கேமனில் பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்க இடம் கிடையாது. தள்ளி நங்கூரம் போட்டு, சின்னப் படகுகளில் ஆட்களை இறக்குவார்கள். கப்பலின் சுற்றுலாவில் போகிறவர்களுக்கு முதல் படகு. மற்றவர்களுக்கு டோக்கன். வாழ்நாள் முழுவதும் பிறருக்கு டோக்கன் கொடுத்தவள், கையில் டோக்கனோடு மாடிப்படியில் உட்கார்ந்தேன். கடையில் எட்டரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். எங்கள் எண்ணைக் கூப்பிடும்போதே மணி ஒன்பது. முன்பணம் போச்சு என்று மனத்துக்குள் வாராக்கடன் கணக்கில் எழுதிவிட்டேன். கரையில் ஓடிப்போய்ச் சேர்ந்தால், கடைப் பெண் சாவகாசமாகக் காபி குடித்துக்கொண்டிருந்தாள். சுவர்க் கடிகாரத்தில் எட்டு இருபது. கேமன்காரர்கள் கோடைக்காலத்தில் கடிகாரத்தை முன்னால் தள்ளுவதில்லை. மயாமி தள்ளும். எங்கள் கப்பல் வாரம் முழுக்க மயாமி நேரத்திலேயே ஓடியது. ஆகவே கரையில் ஒரு மணி நேரம் இலவசம். "லாபம் அத்தை!" என்றார் மாப்பிள்ளை.

அந்த மகிழ்ச்சியிலேயே படிவத்தை நிரப்பினார். வீட்டிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. எனக்கு நாலு தடவை நினைவூட்டியவர், தன்னுடையதைக் கடைசியாக வைத்திருந்தார். கடந்த 12 மாதத்தில் அடிக்கடி சைனஸ் வந்ததா என்று ஒரு கேள்வி. மாப்பிள்ளைக்குப் பொய்யாக டிக் அடிக்க வராது. "ஆம்" என்று அடித்தார். கடைப் பெண் மிகவும் மரியாதையாக, டாக்டர் கையெழுத்து எங்கே என்றாள். படகு புறப்படப் பத்து நிமிடம். "தில்லைநகர் டாக்டர்கிட்ட எனக்கும் சேர்த்து வாங்கியிருக்கலாம் அத்தை" என்றார். எதிர்த்து வாதாடவும் இல்லை. பத்து மீட்டர் ஆழத்திலேயே அழுத்தம் இரண்டு மடங்கு ஆகிவிடும், அடைத்த சைனஸோடு போனால் மண்டைக்குள் ஆணி அடித்தது போல இருக்கும். அது அவருக்கும் தெரியும்.

அன்று எனக்கு ஜோடியாக வாய்த்தவர் டெக்சாஸ்காரத் தாத்தா ஒருவர். மாப்பிள்ளை படகில் பார்வையாளர். அலையில் குமட்டி, எலுமிச்சைக்கு ஏங்கி, தொடுவானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் போனது கிட்டிவேக் என்ற கப்பலைப் பார்க்க. 1945-இல் கடலில் இறக்கிய அமெரிக்கக் கடற்படைக் கப்பல். முழுகிய நீர்மூழ்கிகளில் உள்ளவர்களை மீட்பதற்கென்றே கட்டியது. 1986-இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்தபோது சிதைவுகளைக் கடலில் தேடிய வேலையிலும் இருந்தது. எல்லோரையும் மேலே கொண்டுவரப் பிறந்த கப்பலை, 2011 ஜனவரி 5-ஆம் தேதி, ஸ்கூபாக்காரர்கள் பார்ப்பதற்காக வேண்டுமென்றே மூழ்கடித்தார்கள். 2017-இல் அடித்த நேட் புயல் அதை ஒருக்களித்துப் படுக்கவும் வைத்துவிட்டது. சன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். தரை சுவராகவும் சுவர் தரையாகவும் இருந்தது. ஓய்வு பெற்ற அரசாங்க ஊழியரைப் பார்த்தது போல ஒரு பாசம் வந்தது. மிதக்கிற கப்பலில் இவ்வளவு தூரம் வந்து, மூழ்கிய கப்பலைப் பார்க்க இவ்வளவு செலவா என்று எங்கள் வீட்டுக்காரர் சாயந்திரம் கேட்டார். பதில் சொல்லவில்லை.

அடுத்தது கோசுமெல். கேமனில் பாடம் படித்த மாப்பிள்ளை, இந்த முறை முன்னாடியே ஆராய்ச்சி செய்தார். "2015-லேயே கோசுமெல் இருக்கிற மாநிலத்துக்காரங்க மயாமியோட கிழக்கு நேரத்துக்கு மாறிட்டாங்க அத்தை. கடிகாரக் குழப்பமே இல்லை." சொன்னது உண்மைதான். அதற்கு அடுத்த வரியை, அதாவது அவர்களும் கோடையில் கடிகாரத்தைத் தள்ளுவதில்லை என்பதை, அவர் படிக்கவில்லை.

காலையில் துறை வாசலில் நின்றோம். ஒன்பதுக்கு வருகிறேன் என்ற கடைக்காரர் வரவில்லை. ஒரு மணி நேரம் நின்றோம். "இவங்களுக்கு நேரம்னா என்னன்னே தெரியாது போல" என்றார் மாப்பிள்ளை. ஒரு வழியாக அவர் சிரித்துக்கொண்டே வந்தார். மாப்பிள்ளை போனைப் பார்த்தார். உள்ளூர் சிக்னல் பிடித்திருந்த போன், ஒன்பது என்றது. "கரெக்டாத்தான் வந்திருக்கார்" என்றார். கால் கடுக்க நின்ற அந்த ஒரு மணி நேரம் எங்கே போனது என்று இருவருமே கேட்கவில்லை. ஒரு ரூபாய் உதைத்தால் இரவு எட்டு மணிவரை உட்கார்ந்து டேலி செய்துவிட்டுப் போனவள் நான்.

படகில் என் எச்.எம்.டி. கடிகாரத்தைக் கழற்றி மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். சாவி கொடுக்கிற கடிகாரம், தண்ணீர் ஆகாது. மயாமியில் கப்பல் ஏறும்போது வைத்த நேரத்தை நான் மாற்றவே இல்லை. மாப்பிள்ளை அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, பத்திரமாகப் பையின் அடியில் வைத்தார்.

பலான்கார் பவளத் திட்டில் நீந்தவே வேண்டாம். நீரோட்டம் இழுத்துக்கொண்டு போகும். வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் கூட்டத்துக்குள் நுழைந்துவிட்டால் நாம் நடக்க வேண்டியதில்லை அல்லவா, அது மாதிரி. இங்கே தள்ளுகிறவர்கள் மட்டும் கிடையாது. பவளம் மாடி மாடியாக எழும்பி நிற்கிறது. நடுநடுவே நுழைந்து வெளிவரச் சந்துகள். ஓர் ஆமை, பக்கத்து வீட்டுக்காரரைப் பார்ப்பது போல என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தது. வழிகாட்டி ஒரு பாறைப் பொந்தில் விளக்கடித்துக் காட்டினார். கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட தட்டை முகம், தாடி, மஞ்சள் ஓரம் வைத்த துடுப்பு. பெரும்பாலும் இந்தத் தீவைச் சுற்றியே வாழும் தேரைமுக மீன் அது. வெளியே வர மறுத்து உள்ளேயிருந்தே முறைத்தது. என் பழைய கிளை மேலாளர் அறைக் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு இப்படித்தான் பார்ப்பார். அங்கே கையுறை போட அனுமதியில்லை. எதையாவது தொட்டுவிடுவோம் என்றுதான். தொடவில்லை. வணக்கம் மட்டும் சொன்னேன்.

இரண்டு சிலிண்டர் முடித்துக் கரைக்கு வந்தோம். வழிகாட்டி கை குலுக்கிவிட்டு, "உங்கள் கப்பல், மூன்றரை. மறக்காதீர்கள்" என்றார். கப்பல் எங்களிடம் சொன்னது நாலரை. "நம்ம ஊர் கல்யாணப் பத்திரிகை மாதிரி, ஒரு மணி நேரம் முன்னாடியே சொல்லி வைக்கிறார்" என்றார் மாப்பிள்ளை. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஊருக்குள் போய் மீன் டாக்கோ சாப்பிட்டோம். மகளுக்கு ஒரு வெள்ளி வளையல் பேரம் பேசினோம். மாப்பிள்ளை போனைப் பார்த்து, "ரெண்டு அம்பது. இன்னொரு டாக்கோ சொல்லட்டுமா?" என்றார்.

சொல்லுங்கள் என்றுதான் நானும் சொன்னேன். கை துடைக்கத் துண்டு எடுக்கப் பையில் கை விட்டபோது கடிகாரம் வந்தது. மூன்று ஐம்பது.

கேமன் கொடுத்த ஒரு மணி நேரத்தைக் கோசுமெல் திரும்ப வசூலித்த விதத்தைப் பார்த்தபோது, எங்கள் வங்கி அவ்வளவு கறாராக இருந்ததில்லை என்று தோன்றியது. டாக்சி கிடைக்கப் பத்து நிமிடம். வழியெல்லாம் மாப்பிள்ளை "மூன்றரை, மூன்றரை" என்று ஜெபித்துக்கொண்டே வந்தார். துறை வாசலில் இறங்கினால் கப்பல் தெரிகிறது, வழி தெரியவில்லை. நகைக் கடை, தொப்பிக் கடை, மருந்துக் கடை எல்லாவற்றையும் சுற்றித்தான் உள்ளே போக முடியும். அதைத் தாண்டினால் கடலுக்குள் நீளும் பாலம். துடுப்புக் காலணிகளை மாப்பிள்ளை தலையில் தூக்கிக்கொண்டார். நான் முகமூடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஈரத்தலையும் டாக்கோ கறையுமாக ஓடினேன்.

அப்போதுதான் கைதட்டல் கேட்டது. தாமதமாக ஓடி வருகிறவர்களை வேடிக்கை பார்ப்பது கப்பல் பயணிகளுக்கு ஒரு பொழுதுபோக்கு என்று பிறகு தெரிந்துகொண்டேன். பால்கனிகளிலும் மேல்தளத்திலும் வரிசையாக நின்று விசில் அடிக்கிறார்கள். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய கைதட்டல் அதுதான். பணி நிறைவு விழாவில்கூட இவ்வளவு இல்லை. நாலு முப்பத்தொன்றுக்கு அட்டையைத் தேய்த்து உள்ளே நுழைந்தோம்.

மேல்தளத்தில் எங்கள் வீட்டுக்காரர் தயிர் சாதக் கிண்ணத்தோடு எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். "எங்கே போனீங்க? ஒரு நல்ல காட்சியை மிஸ் பண்ணிட்டீங்க" என்று போனை நீட்டினார். அந்த உயரத்திலிருந்து முகம் தெரியவில்லை. அந்த வீடியோ இப்போது எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் இருக்கிறது. அதில் ஓடுகிற பெண்ணைப் பார்த்து, "அந்தம்மாவுக்கு ரொம்ப நாள் பழக்கம் போல" என்று அவர் யாரிடமோ சொல்லும் குரலும் தெளிவாகக் கேட்கிறது.