ராமபிரான் கையும் காஷ்மீர் ஸ்வெட்டரும்

வாடா பேராண்டி, உக்காரு. டெல்லிக் குளிருக்குன்னு காசைக் கொட்டி வாங்கின காஷ்மீர் ஸ்வெட்டராமே, அதுல எத்தனை சன்னல்! காத்தோட்டமா இருக்கட்டும்னு கடைக்காரனே வச்சுக் குடுத்தானா?

பறக்குற அந்துப்பூச்சி மேல பழி போடாதே. அதுக்குத் தின்ன வாயே கிடையாது. அது இட்ட முட்டையில வர்ற புழுதான் மேஞ்சிருக்கு. வெறும் ரோமத்தை விட, வேர்வையும் குழம்பும் பட்ட ரோமம்னா அதுக்குக் கொண்டாட்டம். நீ என்ன பண்ணினே? துவைச்சா வீணாப் போயிரும்னு பிப்ரவரியில கழட்டி அப்படியே பெட்டியில போட்டு மூடினே. உள்ள இருட்டு, நவம்பர் வரைக்கும் தட்டிக் கேக்க ஆளில்ல, சோறும் குழம்பும் ஒரே இடத்துல. உன் மாமியார் வீட்டுல உனக்கே இப்படி உபசாரம் நடந்திருக்காதுடா.

1965லருந்து ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணை இருக்குற மன்னவனூர்க்காரன் நான். செம்மறி ரோமம் எனக்குப் பழக்கம். ஆனா உன்னது செம்மறியே இல்ல. லடாக் மேட்டுல மேயுற வெள்ளாட்டோட அடிமயிர். குளிர் விட்டதும் தானா கழலும், சீப்பு வச்சு வாரி எடுப்பாங்க. ஒரு ஆட்டுக்குக் கால் கிலோ தேறினாலே பெருசு. அதைப் போயி பிரஷ் போட்டுத் தேய்ப்பியா?

பச்சைத்தண்ணி, தலைக்குப் போடுற ஷாம்பு கொஞ்சம், அவ்வளவுதான். கறை போக்குற என்சைம் பவுடர் பக்கம் போகாதே; அது ரோமத்தையும் கறைக் கணக்குல சேத்துரும். தண்ணியில அமுக்கி அமுக்கி எடு. தேய்ச்சா இழையில இருக்குற செதிள் ஒண்ணோட ஒண்ணு மாட்டி, சுருங்கி, உன் மகனுக்கு அளவாப் போயிரும். முறுக்கிப் பிழியாம, துண்டுல சுருட்டி அழுத்து. அப்புறம் நிழல்ல விரிச்சுப் போடு. ஈரத்தோட கொடியில தொங்கவிட்டா கை முழங்கால் வரைக்கும் இறங்கும். நீ என்ன ராமபிரானா?

நல்லாக் காஞ்சப்புறம் மடிச்சு, காத்துப் புகாத பையில வை. வசம்பு, வேப்பிலை உங்க ஆத்தா திருப்திக்குப் போட்டுக்க, அதை நம்பி மட்டும் தூங்கிராதே. அந்துருண்டை இறுக்கி மூடின பெட்டியிலதான் வேலை பாக்கும்; திறந்து திறந்து மூடுற பீரோவுல உனக்குத் தலைவலிதான் மிச்சம். பச்சப்புள்ளைத் துணி இருக்குற இடத்துல அதை வைக்கவே வைக்காதே. சில குழந்தைக்கு ரத்தத்துல சிவப்பணுவையே உடைச்சிரும்.

மிச்சம் புழு இருக்குமோன்னு பயமா இருக்கா? பையில கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசர்ல ரெண்டு வாரம் போட்டு வை. உன் வீட்டுக்காரி ஐஸ்கிரீமை நகர்த்துறதுக்கு முன்னாடி அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க, அந்தச் சண்டைக்கு நான் வர மாட்டேன்.

இந்த ஓட்டையை அடைக்க ரஃபூ போடுறவங்க டெல்லியிலயே இருக்காங்க, குடுத்துரு. துவைச்சுட்டுக் குடுடா, அவங்களும் மனுசங்கதான்.