ரெண்டு மணிக்கு மேல கொளுத்து, தம்பி!

கொளுத்துறதுன்னே முடிவு பண்ணிட்டியா தம்பி? தாராளமாக் கொளுத்து. கவாத்து வெட்டின தேயிலை மிலாறு, பிடுங்கின உண்ணிச்செடி, காட்டோரத்துச் சருகுன்னு எல்லாத்தையும் ஒரே குவியலாக் குவிச்சு வச்சிருக்கே. மாசி வெயில் வேற. பக்கத்துலயே உறைபனியில கருகின புல்லு முழங்கால் உயரத்துக்கு நிக்குது. ஒரு தீக்குச்சிக்கு இதுக்கு மேல என்ன மரியாதை பண்ண முடியும்?

ஆனா நேரம் பார்த்துச் செய்யணும். அந்த நேரம் பாம்பு பஞ்சாங்கத்துல இருக்காது, அமெரிக்காக்காரன் பஞ்சாங்கத்துலதான் இருக்கு. சுவோமி என்.பி.பி.ன்னு 2011-ல ஒரு செயற்கைக்கோளை விட்டான். அது மதியம் ஒன்றரை வாக்குல ஒருதரம், ராத்திரி ஒன்றரை வாக்குல ஒருதரம் நம்ம பக்கம் கடந்து போகும். அதோட கூட்டாளிங்களும் அப்படித்தான். தரையை 375 மீட்டர் கட்டமாப் பிரிச்சு சூட்டைப் பார்க்கும். அவ்வளவு பெரிய கட்டத்துல நம்ம குவியல் எம்மாத்திரம்னு நினைக்காதே. நம்ம கண்ணுக்குப் படாத அகச்சிவப்புக் கதிர்ல நெருப்பு மத்த தரையைவிடப் பல மடங்கு பளிச்சுனு தெரியும். ஒரு மூலையில எரிஞ்சாப் போதும். அந்தப் புள்ளி டேராடூன் வன ஆய்வு நிறுவனம் வழியா நம்ம பாரஸ்ட் கார்டு செல்போனுக்குக் குறுஞ்செய்தியா வந்து சேரும். உடனே வராது, கொஞ்ச நேரம் பிடிக்கும். அதுக்குள்ள நீ குளிச்சுச் சாப்பிட்டு நல்ல பிள்ளையா உட்கார்ந்துக்கலாம்.

அதனால ரெண்டு மணிக்கு மேல பத்த வை. பஞ்சாப்ல இதைக் கண்டுபிடிச்சுட்டாங்க போல. 2024 அறுவடை சமயத்துல, வயல்ல தாள் கொளுத்துறது குறைஞ்சுடுச்சுன்னு செயற்கைக்கோள் கணக்கு சொல்லுச்சு. நாசாவுல இருக்கிற ஹிரேன் ஜேத்வாவுக்கு அது சரியாப் படலை. தென்கொரியா செயற்கைக்கோள் படத்தை எடுத்துப் பார்த்தார். அது பரண்ல உட்கார்ந்த காவக்காரன் மாதிரி, நகராம பத்து நிமிஷத்துக்கு ஒரு படம் எடுக்கிற ஜாதி. ரெண்டு மணிக்கு மேலதான் அங்கே புகை கிளம்புது! நெருப்புக் கணக்கு குறைஞ்சிருக்கு, புகை குறையலை. நம்ம இன்சாட்டும் நகராத ஜாதிதான். ஆனா அதுக்குச் சின்ன நெருப்பு சரியாப் புலப்படாது. உன் குவியல் தப்பிச்சுக்கும், சந்தோஷப்படு.

மேகம் மூடட்டும்னு காத்திருந்தாலும் சரி. நம்ம ஊர் மேகம் இந்தச் செயற்கைக்கோள் எல்லாத்தோட கண்ணையும் கட்டிடும். என்ன ஒண்ணு, மேகம் இறங்கின நாள்ல மிலாறு எரியாது, புகையும். கீழ் லைன்ல இருக்கிற கிழவிங்க இருமிக்கிட்டே உன் பேரைச் சொல்லி வைவாங்க. அதுக்கு எந்தச் செயற்கைக்கோளும் வேணாம்.

2024 மார்ச்ல குன்னூர் பாரஸ்ட் டேல்ல என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? தோட்டத்துல கொளுத்தின தீ காட்டுக்குள்ள ஏறிடுச்சுன்னு வனத்துறை வழக்குப் போட்டுச்சு. ஆளுங்க தழையை வெட்டி அடிச்சும் நாள்கணக்கா அடங்கலை. கடைசியில விமானப்படை எம்ஐ-17 ஹெலிகாப்டர் வந்து, அடியில ஒரு பெரிய வாளியைத் தொங்கவிட்டு, ரேலியா அணையில மொண்டு மொண்டு ஊத்துச்சு. சுமார் 16,000 லிட்டர். ரேலியா தண்ணி யாருக்குன்னு உனக்கே தெரியும், குன்னூருக்குத்தான். கோடையில குடத்தோட வரிசையில நிக்கிற ஊரு அது. அந்த ஊர் குடிக்கிற தண்ணிய ஆகாயத்துல தூக்கிட்டுப் போய் சருகுத் தீக்கு ஊத்தினாங்க. குன்னூர்க்காரங்க உன்னையும் அப்படி வாழ்த்தட்டுமே!

மிலாறை வரிசைக்கு நடுவுல பரப்பி விட்டா தானா மக்கி உரமாகும், கொளுத்தினா தழைச்சத்து புகையோட போயிடும்னு சொன்னா நீ கேட்கவா போறே? அது பழைய ஆளுங்க பேச்சு. நீ கொளுத்து. கார்டு நம்பரை மட்டும் இப்பவே போன்ல போட்டு வை, அவர் வர்றதுக்கு முன்னாடி நீயே கூப்பிட்டுடலாம். இங்கே டவர் கிடைக்காது, மேட்டுக்குத்தான் ஓடணும். ஓடும்போது காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்த்துக்கிட்டே ஓடு.