14 விநாடிப் பரிபாலனம்

மனுநீதிச் சோழன் கதையைச் சின்ன வயதிலேயே சொல்லி நம்மைக் கெடுத்துவிட்டார்கள். இன்றைய நீதிமான்களின் அருமை நமக்குப் பிடிபடாததற்கு அதுதான் காரணம். திருவாரூரில் ஒரு பசு ஆராய்ச்சி மணியை இழுத்ததாம். உடனே அரசனே எழுந்து வெளியே வந்துவிட்டானாம். என்ன நிர்வாகம் இது? இழுத்தது எந்த மாடு, அதன் பேரில் ஏற்கெனவே எத்தனை புகார், போன மாதம் யாரையாவது முட்டியதா என்று ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. போதாக்குறைக்குப் பெற்ற பிள்ளையையே தேர்க்காலில் கிடத்தியிருக்கிறான். ஒரே ஒரு மணிக்கு இந்தப் பாடு என்றால், கோடிக்கணக்கான பேருக்கு ஆளுக்கொரு மணி கொடுத்து வைத்திருக்கும் சமூக ஊடக நிறுவனங்கள் எவ்வளவு பக்குவமாக இருக்க வேண்டும்! பதிவைத் தூக்கிவிட்டார்களா, கணக்கை முடக்கிவிட்டார்களா, கவலையே வேண்டாம். கீழே 'மறுபரிசீலனை கோருக' என்றொரு பொத்தான் இருக்கிறது. தாராளமாக அழுத்தலாம். அரண்மனையில் ஒருவர் தூக்கமும் கலையாது.

ஹைதராபாத்வாசி என்ற முறையில் இதில் எனக்குக் கொஞ்சம் ஊர்ப் பெருமையும் உண்டு. ஃபேஸ்புக் தன் முதல் இந்திய அலுவலகத்தை 2010-இல் எங்கள் ஊரில்தான் திறந்தது. சார்மினாருக்கும் பிரியாணிக்கும் அடுத்தபடியாக நாங்கள் உலகத்துக்கு வழங்கிவரும் சரக்கு தீர்ப்பு. 2019 பிப்ரவரியில் ராய்ட்டர்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. ஜென்பேக்ட் நிறுவனத்தின் ஹைதராபாத் அலுவலகத்தில் 1,600 பேர் கொண்ட குழு ஃபேஸ்புக்குக்காகப் பதிவுகளைப் பார்த்து, இருக்கட்டும் போகட்டும் என்று முடிவு செய்துகொண்டிருந்தது. எட்டு மணி நேர ஷிஃப்டில் 2,000 பதிவு பார்க்கச் சொல்கிறார்கள் என்றார்கள் அங்கே வேலை செய்தவர்கள். வகுத்துப் பார்த்தால் பதிவுக்கு 14 விநாடி சொச்சம். சாப்பாட்டு நேரத்தைக் கழித்தால் இன்னும் குறையும்.

நம் நீதிமன்றங்களில் ஒரு வாய்தா வாங்குவதற்கே கோட்டைப் போட்டு, பொத்தானை மாட்டி, படியேறுவதற்குள் 14 விநாடி போய்விடும். இங்கே அந்த நேரத்துக்குள் பதிவைப் படித்து, அது என்ன மொழி என்று கண்டு, எழுதியவர் கொலையை ஆதரிக்கிறாரா, கண்டிக்கிறாரா, செய்தியாகச் சொல்கிறாரா, தாத்தா சொன்ன பழமொழியை எடுத்துவிடுகிறாரா என்று தெளிந்து, தீர்ப்பும் எழுதியாகிவிடுகிறது. ஆண்டுதோறும் நவம்பரில் செத்தவர்களுக்கு விளக்கேற்றிப் படம் போடும் ஈழத்தமிழர்கள் தங்கள் பதிவு காணாமல் போனதாகப் புலம்புவார்கள். அழுகையையும் பிரச்சாரத்தையும் பிரித்துப் பார்க்காத அந்தச் சமநோக்கு ஞானிகளுக்கே வாய்ப்பது. அதைப் போய்க் குறை சொல்கிறார்கள். இவ்வளவு மேதைமைக்கும் கூலி நாளொன்றுக்கு 6 டாலர் வரைகூட இறங்கியிருந்தது என்றும் அதே செய்தி சொன்னது. ஏழைக்கு நீதி எட்டாக்கனி என்று மேடைதோறும் முழங்குகிறோமே, இங்கே நீதிபதியே ஏழை. இதைவிடவா சமத்துவம் வேண்டும்?

அதே ஆண்டு மே மாதத்தில் இன்னொரு ராய்ட்டர்ஸ் செய்தி. விப்ரோ மூலமாக, எங்கள் ஊரில் 260 பேர் வரை உட்கார்ந்து, 2014 முதல் ஜனங்கள் ஃபேஸ்புக்கில் போட்டதையெல்லாம் எடுத்து வகை பிரித்துக் குறிச்சொல் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். படத்தில் இருப்பது சாப்பாடா, செல்ஃபியா, விலங்கா? போட்டவரின் நோக்கம் விழா ஏற்பாடா, ஊக்கமூட்டுவதா, ஜோக் அடிப்பதா? இயந்திரத்துக்குப் பாடம் சொல்லவும் இது உதவியது. அடுத்தவர் அடித்தது ஜோக்தானா என்று மாதச் சம்பளத்துக்கு ஆள் வைத்துப் பார்த்த சாம்ராஜ்யம் சரித்திரத்தில் வேறு உண்டா? எங்கள் ஊர்க்காரர்கள் இத்தனை பாடுபட்ட பிறகும் நையாண்டி எழுதியவர்கள் 'மார்க் 30 நாள் ஜெயில்ல போட்டுட்டாரு' என்று திரும்பி வந்து சொல்கிறார்கள் என்றால், குறை அவர்களுடைய நையாண்டியில்தான் இருக்க வேண்டும்.

வேகத்தில் ட்விட்டரும் சளைத்ததல்ல. 2019 அக்டோபரில் மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை அது முடக்கியது. குற்றம், முகப்புப் படமாக அவர் வைத்திருந்த பழைய புகைப்படம். 1936-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் கப்பல் தளத்தில் கூட்டமே நாஜி வணக்கத்துக்குக் கை நீட்ட, ஒரே ஒரு தொழிலாளி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற படம். கட்டிய கையைப் பார்ப்பதா, நீட்டிய கைகளைப் பார்ப்பதா? ஜனநாயகத்தில் பெரும்பான்மைதானே செல்லும். நீட்டிய கைகளை எண்ணித் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். ஹெக்டே உச்ச நீதிமன்றத்தில் வாதாடுகிறவர். அவரே வழக்குப் போட்டு டெல்லி உயர் நீதிமன்றத்தின் வாசலுக்குப் போக வேண்டி வந்தது. சட்டம் படிக்காத நமக்கு அந்த அலைச்சல்கூட இல்லை; வீட்டிலேயே இருந்துவிடலாம்.

செகந்திராபாத் பத்மாராவ் நகரில் மாவடு போட்டு விற்கிற ஒரு மாமி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் காலை அவருடைய பக்கம் இல்லை. 'எங்கள் சமூக நெறிகளை மீறிவிட்டீர்கள்.' எந்த நெறி? மாவடுவா, உப்பா, பின்னால் ஓடிய பாட்டா? சொல்ல மாட்டார்கள். கல்லாலின் கீழ் அமர்ந்த தட்சிணாமூர்த்தி சனகாதி முனிவருக்கு மௌனத்தாலேயே உபதேசித்தார் என்பது புராணம். வாய்விட்டுச் சொன்னால் ஒரு தப்பைத்தான் திருத்திக்கொள்ளலாம். சொல்லாமல் விட்டால் மாமி பிறந்தது முதல் செய்த தப்பையெல்லாம் நினைத்துப் பார்த்துத் திருந்துவார். மேல்முறையீடு செய்தால் முகத்தைக் காட்டச் சொல்வார்கள். இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு, கொஞ்சம் மேலே பார். பெண் பார்க்க வந்தவர்கள்கூட அந்தக் காலத்தில் பாடத்தான் சொன்னார்கள். மாமி எல்லாம் செய்துவிட்டு எழுந்து அடுப்பை அணைப்பதற்குள் பதில் வந்துவிடும்: கவனமாகப் பரிசீலித்தோம், முடிவில் மாற்றமில்லை. மாவடு ஊறுவதற்கே மாதக் கணக்காகிறது. பரிசீலனை மட்டும் பால் பொங்கும் நேரத்தில் ஊறி எழுந்துவிடுகிறது.

அரசாங்கமே தடுக்கச் சொல்லி முடங்கிய கணக்கு என்றால் இன்னும் சுகம். 2009-ஆம் ஆண்டின் இணையத் தடை விதிகளில் 16-ஆவது விதி, அந்த உத்தரவையும் அதையொட்டிய புகாரையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. நம் மனம் புண்படக் கூடாது என்கிற அக்கறை.

அவசரக்காரர்கள் என்று மட்டும் இவர்களைச் சொல்லிவிடாதீர்கள். நிதானம் வேண்டிய இடத்தில் இவர்களைப்போல் நிதானிக்க ஆளில்லை. அதற்கும் சாட்சி எங்கள் ஊர்தான். டி. ராஜா சிங், அப்போது ஹைதராபாத் கோஷாமஹால் தொகுதியின் பாஜக சட்டமன்ற உறுப்பினர். அவர் பேரில் வந்த பதிவுகள் வெறுப்புப் பேச்சு விதியை மீறியவை, அவரை ஆபத்தான நபர் பட்டியலிலேயே சேர்க்கலாம் என்று ஃபேஸ்புக்கின் சொந்த ஊழியர்களே முடிவு செய்திருந்தார்கள். அதை நடைமுறைப்படுத்துவதற்கு, வியாபாரம் கெடும் என்று சொல்லி இந்தியக் கொள்கைப் பிரிவின் தலைவர் அங்கி தாஸ் எதிர்ப்புத் தெரிவித்தார். 2020 ஆகஸ்டில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் சொன்ன கதை இது. செய்தி வெளிவந்து உலகம் பார்த்த பிறகு, செப்டம்பரில் அவருக்குத் தடை வந்தது. அந்தப் பக்கங்களே என்னுடையவை அல்ல என்றார் ராஜா சிங். யார் சொல்வது சரி என்பது கிடக்கட்டும். அந்த மாதக் கணக்கான யோசனையைப் பாருங்கள். தீர விசாரிப்பது, பின்விளைவை எண்ணுவது, லாப நஷ்டம் பார்ப்பது, ஒரு மனிதரின் கணக்கைத் தொடுமுன் பத்து முறை தயங்குவது! மாவடு மாமிக்கு எதிர்பார்த்த நீதிமுறை இவர்களிடம் ஏற்கெனவே முழுசாக இருக்கிறது. அதை எடுத்துக் கண்டவர்களுக்கும் பரிமாறித் தீர்த்துவிடவில்லை, அவ்வளவுதான்.

2021-இல் அதே பத்திரிகை 'க்ராஸ்செக்' என்ற ஏற்பாட்டையும் வெளியே கொண்டுவந்தது. பிரபலங்கள், அரசியல்வாதிகள் என்று 2020-இல் மட்டும் 58 லட்சம் பேர் அதில் இருந்தார்கள். அவர்கள் தப்புச் செய்தால் இயந்திரம் உடனே பாய்ந்துவிடாது. மனிதர் பார்த்த பிறகுதான் மற்றது. அந்த மனிதர் பல சமயம் பார்க்கவும் வருவதில்லையாம். நம் ஊர்க் கோவில்களில் சிறப்பு தரிசனச் சீட்டு இருக்கிறதே என்று குறைப்பட்டுக்கொள்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அங்கேயாவது காசு கட்டினால் யாரும் போகலாம்.

கீழே நியாயம் கிடைக்காவிட்டால் மேலே ஒரு சபை வைத்திருக்கிறார்கள்: கண்காணிப்பு வாரியம். ஃபேஸ்புக்கே அறக்கட்டளைக்கு 13 கோடி டாலர் கொடுத்து உண்டாக்கிய சுதந்திரமான வாரியம். 2020 நவம்பரில் பயனர் ஒருவர் சீக்கியர்கள் பற்றிய பஞ்சாபி அரசியல் வீடியோவைப் பகிர்ந்தார். ஒரே ஒருவர் ரிப்போர்ட் அடித்தார். பதிவு போயிற்று, கணக்குக்கும் கட்டுப்பாடு வந்தது. முறையிட்டபோது, கொரோனாவால் ஆள் குறைவு, பார்க்க இயலாது என்று பதில். அவர் வாரியத்துக்கு எழுதினார். வாரியம் வழக்கைத் தேர்ந்தெடுத்ததும், விசாரிக்கத் தொடங்குமுன்பே 'தவறு நடந்துவிட்டது' என்று நிறுவனம் பதிவைத் திருப்பிப் போட்டுவிட்டது. 2021 ஏப்ரலில் வந்த தீர்ப்பில் இன்னொன்றும் தெரியவந்தது: மீறிவிட்டாய் என்று சொல்லப்பட்ட அந்த நெறிகள் பஞ்சாபி மொழியில் கிடைக்கவே இல்லை. படிக்க முடியாத சட்டத்தை ஒருவர் மீறியிருப்பதைக் கண்டுபிடிப்பது சாதாரணக் காரியமா?

நம் அரசும் சும்மா இருக்கவில்லை. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் குறைதீர்ப்பு அதிகாரி வேண்டும் என்றார்கள். அந்த விதிப்படி வாட்ஸ்அப் கொடுத்த முதல் மாத அறிக்கை கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டியது. 2021 மே 15 முதல் ஜூன் 15 வரை இந்தியாவில் 20,11,000 கணக்குகளுக்குத் தடை. 95 சதவீதத்துக்கு மேல் மொத்தமாகச் செய்தி அனுப்பித் தொல்லை கொடுத்தவை என்றது நிறுவனம். அதே மாதத்தில் தடையை நீக்கக் கோரிக் குறைதீர்ப்பு அதிகாரியிடம் வந்தவை 204. நடவடிக்கை எடுக்கப்பட்டவை 63. இருபது லட்சத்தில் இருநூற்று நான்கு பேர்தான் இப்படியொரு அதிகாரி இருப்பதையே கண்டுபிடித்திருக்கிறார்கள். மிச்சமுள்ளவர்கள் தண்டனையில் முழுத் திருப்தி அடைந்தவர்கள் என்றே கொள்ள வேண்டும்.

அந்த அதிகாரி மீதும் குறை இருந்தால்? 2022 அக்டோபரில் விதியைத் திருத்தி மேல்முறையீட்டுக் குழுக்கள் வைத்தார்கள். 2023 மார்ச் முதல் அவை இயங்குகின்றன. மூன்று குழு, குழுவுக்கு மூன்று பேர். இந்தியா முழுவதன் மனத்தாங்கலுக்கும் சேர்த்து ஒன்பது பேர். நவக்கிரகக் கணக்கு, சுற்றி வருகிறவருக்குத்தான் பொறுமை வேண்டும். நிறுவனத்தின் பதில் வந்து 30 நாளுக்குள் நாம் முறையிட்டாக வேண்டும். அவர்கள் 30 நாளுக்குள் முடிக்க 'முயல' வேண்டும். முறையிடுகிறவர்களுக்குக் கெடுவும் தீர்ப்பவர்களுக்கு முயற்சியும் என்று பங்கு பிரித்த கை பொற்கை.

மனிதக் குரலையே கேட்க வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களையும் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா கைவிடவில்லை. 2023 ஜூனில் இந்தியாவுக்கு வந்த நீலக்குறி சந்தாவில், அப்போதைய விலையான மாதம் 699 ரூபாய்க்கு, ஆளோடு பேசும் உதவியும் அடக்கம். பூட்டுபவரிடமே சாவியும் மாதத் தவணையில் கிடைக்கும்போது வேறெங்கும் அலைய வேண்டியதில்லை.

அலைந்து பார்த்த மருத்துவர் ஒருவர் உண்டு. வாட்ஸ்அப் கணக்கைக் காரணம் சொல்லாமல் முடக்கிவிட்டார்கள் என்று 2025 அக்டோபரில் நேரே உச்ச நீதிமன்றத்துக்கே போனார். வாட்ஸ்அப் வைத்திருப்பது என்ன அடிப்படை உரிமை என்று அமர்வு கேட்டது. இப்போதுதான் அரட்டை என்று நம் நாட்டுச் செயலி வந்திருக்கிறதே, அதைப் பயன்படுத்தலாமே என்றும் யோசனை சொன்னது. மனு திரும்பப் பெறப்பட்டது. வாடகை வீட்டில் சாமான்களை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்கள் என்று வந்தவருக்கு, அடுத்த தெருவில் நல்ல வீடு காலியாக இருப்பதைச் சொல்லியனுப்பிய பெருங்கருணை அது.

தமிழன் என்ற முறையில் அரட்டை விஷயத்தில் எனக்குப் பெருமைதான், ஆனால் ஒரு கவலையும் இருக்கிறது. அரட்டையை நடத்துவது ஸோஹோ. அந்த நிறுவனத்துக்குத் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் இருக்கிறது. நாளைக்கு ஏதாவது குறை என்றால் ஆள் பஸ் ஏறிப் போய், வாசலில் வாட்ச்மேனிடம் பெயரைச் சொல்லி, உள்ளேயிருந்து யாராவது வரும்வரை உட்கார்ந்துவிடலாம். தமிழிலேயே வேறு சண்டை போடலாம். வாசல் இருக்கிற இடத்தை இப்படி ஊருக்கெல்லாம் தெரியவிட்டால் அவர்கள் எப்படி உலகத் தரத்துக்கு வருவார்கள்?