கண்ணாடிக் கண்மாய்: இலுப்பூர் வட்டார மீன்தொட்டி இயலுக்கு ஒரு முன்னுரை

இலுப்பூர்ப் பக்கத்து நீர்நிலைகளைக் கண்மாய், ஏந்தல், குளம், ஊருணி என்று அறிஞர் வகைப்படுத்திவிட்டனர். டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் நிற்கும் ஐந்தாவது வகையை மட்டும் யாரும் பொருட்படுத்தவில்லை. வீட்டில் ஒட்டிய மீன்தொட்டியும் ஒரு கண்மாயே என்பது இக்கட்டுரையின் துணிபு.

முதலில் தொன்மை. 1832இல் சிசிலியில் வாழ்ந்த ழான் வில்ப்ரோ-பவர் என்ற பிரெஞ்சுப் பெண்மணி கடலுயிர்களை ஆராயக் கண்ணாடித் தொட்டி செய்தார் என்பர். 1853இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மீன்களுக்கென்றே ஒரு கூடம் திறந்தார்கள். 1909இல் சென்னை மெரினாவுக்கும் மீன் காட்சியகம் வந்தது. நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அன்னவாசலைத் தாண்டினால் சித்தன்னவாசல். அங்கே அறிவர் கோயில் விதானத்தில் ஒரு தாமரைக் குளம், அதில் மீன், அன்னம், எருமை, யானை, பூப்பறிக்கும் ஆட்கள். இந்த ஓவியம் பல்லவன் மகேந்திரவர்மன் காலமா, ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டியன் காலமா என்று அறிஞர் நெடுநாள் மல்லுக்கட்டினர். கல்வெட்டு பாண்டியன் பக்கம். ஆனால் இரு தரப்பும் கவனிக்கத் தவறிய செய்தி ஒன்று உண்டு: ஆயிரம் ஆண்டுக்கு மேலாகத் தலைகீழாகத் தொங்கியும் அந்தக் குளம் ஒழுகவில்லை. வீட்டுத் தொட்டி எதுவும் இச்சாதனையை இதுவரை நெருங்கவில்லை.

இனிச் செய்முறை. சாமி படத்துக்குப் பிரேம் போடும் கண்ணாடிக் கடைதான் இத்துறையின் ஆய்வுக்கூடம். கடைக்காரர் கட்டரின் சக்கரத்தை மண்ணெண்ணெயில் தொட்டு, ஸ்கேலை அழுத்திப் பிடித்து, ஒரே இழுப்பாக இழுப்பார். இரண்டாம் முறை அதே கோட்டில் இழுப்பவரை அவர் தொழிலாளியாகவே மதிப்பதில்லை. பிறகு மேசை விளிம்பில் வைத்து ஒரு தட்டு; கண்ணாடி கோட்டோடு பிரியும். இங்கே நுணுக்கம் கழித்தலில் இருக்கிறது. பக்கக் கண்ணாடி முன்னும் பின்னும் உள்ள கண்ணாடிகளுக்கு நடுவே நிற்பதாக இருந்தால், அதன் அகலம் 12 அங்குலம் ஆகாது, 5 மி.மீ. கண்ணாடி என்றால் இரண்டு கனமும் சேர்ந்து 10 மி.மீ. குறைய வேண்டும். “எல்லாம் ஒரே அளவா அறுத்துக் குடுங்கண்ணே” என்று வந்து நிற்பவரைப் பார்த்ததுமே கடைக்காரர், “மறுபடி வருவீங்கல்ல, பில்லை அப்பறம் போட்டுக்கலாம்” என்பார்.

ஒட்டுவதற்குச் சிலிக்கான். பாத்ரூம் மூலைக்கு அடிக்கும் பூஞ்சை பிடிக்காத ரகம் மீனுக்கு நஞ்சு. மருந்து கலக்காத சாதா ரகமே உத்தமம். காயும்போது வினிகர் நெடி அடிக்கும். அது காயும் கால அளவில்தான் இத்துறை இரண்டு பள்ளிகளாகப் பிரிகிறது. நெடி முழுக்கப் போகும்வரை சில நாள் தொடக் கூடாது என்பது முதல் பள்ளி. “மேலே காஞ்சிருச்சே, ஊத்திப் பாப்போம்” என்று மூலையை விரலால் அழுத்திப் பார்ப்பது இரண்டாம் பள்ளி. இவர்கள் பெரும்பாலும் மாமா முறை உறவினர். முதல் பள்ளியிடம் நியாயம் இருக்கிறது, இரண்டாம் பள்ளியிடம் ஆள்பலம் இருக்கிறது.

அவசரம் எங்கே போய் முட்டும் என்பதைக் கண்மாயே சொல்லும். கரையை அடியில் அகலமாகவும் மேலே குறுகலாகவும் போட்டவர்களுக்குத் தெரியும், தண்ணீர் ஆழத்துக்குத் தக்கபடிதான் அழுத்தும் என்று. ஓரடி ஆழத் தொட்டியை விராலிமலை வரை நீட்டினாலும் அடிமூலையில் அழுத்தம் கூடாது. ஆனால் அந்த ஓரடியே போதும். நிறைந்தால் தண்ணீர் மட்டும் 50 கிலோவைத் தாண்டும். முன்கண்ணாடியை வெளியே தள்ளும் விசை சுமார் 28 கிலோ. எனவே கசிவு மேலே வருவதில்லை, கீழ்மூலையைத் தேடித்தான் வரும். கரை காத்த பெரியவர்கள் தொட்டி வீட்டுக்கு வந்ததும் குனிந்து அந்த இடத்தைத்தான் தடவிப் பார்க்கிறார்கள்.

நம் கோட்பாட்டுக்கு வலுவான சான்று குமிழித்தூம்பு. புதுக்கோட்டை வட்டாரக் கண்மாய்களில் இரண்டு கல்தூண்களாக, சிலது கல்வெட்டோடு, இன்றும் நிற்கிறது. மேலே நீரோடித் துளை, அடியில் சேறோடித் துளை. பாசனத் தண்ணீரோடு வண்டலும் வெளியேறிவிடும். தொட்டியின் அடியில் தங்கும் மீன் கழிவை ரப்பர் டியூபை வாயால் உறிஞ்சி வாளிக்கு இறக்குகிறோமே, அது கையில் பிடித்த சேறோடி. உறிஞ்சியவர் டியூபை வாயிலிருந்து எடுக்கும் நேரத்தைப் பொறுத்து அவருடைய அனுபவம் தெரிய வரும். மேலே ஓரங்குலம் விட்டு நிரப்புவது கலிங்கு. துள்ளும் ரகமாக இருந்தால் மூடியும் வேண்டும்.

மீன் விஷயத்தில் ஆய்வு சுருங்கிவிடுகிறது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், இரவு முழுக்கத் திறந்து வைத்து ஊற்றுக. கொசுவை ஒழிக்கச் சுகாதாரத் துறை கிணற்றில் விடும் கப்பி, நம் உப்புத் தண்ணீரையும் தாங்கும். கோடையில் கண்மாய் வற்றி, ஊர்ப்பெரியவர் வெள்ளைத் துண்டு வீச, ஊத்தாவோடு இறங்கிய கூட்டம் கொண்டுவரும் விரால் குஞ்சைத் தொட்டியில் விடுவாரும் உண்டு. வீட்டில் மற்றவர்களுக்குக் குழம்பு ஞாபகம் வராதவரை அது வளரும்.

எஞ்சுவது மடை. தொட்டிக்கு மடை இல்லையே என்று மாற்றுத் தரப்பு கேட்கக்கூடும். உண்டு. காற்றுப் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, ஸ்டாண்டு தட்டில் வைத்திருக்கிறார்கள் அல்லவா? கரண்ட் போனால் காற்று நின்று, அதே டியூபில் தண்ணீர் திரும்பி இறங்கத் தொடங்கும். பம்பை மேலே ஆணியில் மாட்டு, இல்லாவிட்டால் டியூபில் ஒருவழி வால்வு போடு என்பது நூல் வழக்கு. இரண்டையும் நாளைக்குச் செய்யலாம் என்பது உலக வழக்கு. கண்மாயில் மடை திறக்க நீர்பாய்ச்சி வேண்டும், முறை வேண்டும், ஊர்க் கூட்டம் வேண்டும். இங்கே ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு கரண்ட் கட் போதும். ஆயக்கட்டு விவரம்: ஒரு கோரைப்பாய், இரண்டு தலையணை, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், மாமா.