வெண்வால் மான் வேட்டைக்குரிய சிக்கன ஸ்கோப்: ஓர் ஆராய்ச்சி

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ரைஃபிள் கொண்டு வெண்வால் மானை வேட்டையாடும் பருவம் நெடுங்காலம் நன்றியறிதல் நாளுக்கு அடுத்த திங்களன்று தொடங்கிவந்தது. 2019 முதல் அதற்கு முந்திய சனிக்கிழமையே தொடங்குகிறது. தொடக்க நாள் இரண்டு நாள் முன்னே நகர்ந்தது பற்றி அம்மாநிலத்தார் வேண்டிய அளவு விவாதித்துவிட்டனர். அந்நாளில் ரைஃபிளின் மேல் எந்த ஸ்கோப் அமர்ந்திருக்க வேண்டும் என்பதும் அதே கவனத்துக்கு உரியது. இரண்டாயிரம் டாலர் கொடுத்து ஆஸ்திரியக் கண்ணாடி வாங்க வல்லவருக்கு இவ்வாராய்ச்சி தேவைப்படாது. இருநூறு டாலருக்கும் முந்நூறு டாலருக்கும் இடையில் நிற்பவர் ஒன்றைப் பெற இன்னொன்றை விட வேண்டியவர். எதை விடலாம், எதை விடலாகாது என்னும் கேள்வி அவருக்கே எழுகிறது. ஆகவே இங்குக் கருதப்படுபவர் அவரே.

அவருக்கென ஒரு வரலாறும் உண்டு. நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் வில்லியம் மால்கம் 1855 முதல் துப்பாக்கித் தொலைநோக்கிகள் செய்துவந்தார். அவை குழலளவு நீண்டவை, எளிய வேட்டைக்காரரின் கைக்கு எட்டாதவை. 1930இல் வில்லியம் வீவர் என்னும் இளைஞர் 330 என்ற மாதிரியை 19 டாலருக்கு விற்கத் தொடங்கினார். சிக்கன ஸ்கோப்பின் காலக்கணக்கை அந்த ஆண்டிலிருந்து தொடங்குவதே முறை. 330இன் பெருக்கம் ஏறத்தாழ மூன்று மடங்கு. அந்த மூன்று போதுமா என்ற வினாவுக்கு விடை கண்டால் மற்ற வினாக்களில் பாதி தாமாகவே தீரும்.

பென்சில்வேனியாவின் காடுகளில் மான் பெரும்பாலும் நூறு கஜத்துக்குள்ளேயே எதிர்ப்படுகிறது. அம்மாநிலத்தின் பெரும்பகுதியில் 2002 முதல் ஒரு விதி உள்ளது: வயதுவந்த வேட்டைக்காரர் சுடும் ஆண்மானுக்கு ஒரு பக்கக் கொம்பில் மூன்று முனைகளாவது இருக்க வேண்டும். முனை என்பது ஓரங்குல நீளமாவது உடையது. மேற்கே சில வேட்டைப் பிரிவுகளில் புருவத்தை ஒட்டிய கிளை கணக்கில் சேராது. எனவே நூறு கஜத்தில் ஓரங்குலத்தை அடையாளம் காண்பதே வேட்டைக்காரரின் கண்ணுக்கு வைக்கப்பட்ட தேர்வு. நூறு கஜத்தில் ஓரங்குலம் என்பது ஏறக்குறைய ஒரு பாகையின் அறுபதில் ஒரு கூறு. நல்ல வெளிச்சத்தில் குறையற்ற வெறுங்கண் பிரித்தறியும் எல்லையும் ஏறக்குறைய அதுவே. ஆகவே ஒரு மடங்கில் இத்தேர்வு ஐயத்துக்குரியது, மூன்று மடங்கில் எளியது, ஒன்பது மடங்கில் மிகையானது. எனினும் முனைகளை எண்ணும் வேலை ஸ்கோப்புக்கு உரியதன்று; அது பைனாகுலருக்கு உரியது. ஸ்கோப் நோக்கும் திசையிலேயே குழலும் நோக்குகிறது. புதருக்குப் பின்னே அசைவது மானா மனிதரா என்று ஸ்கோப்பால் பார்த்துத் தெரிந்துகொள்பவர், விடை கிடைப்பதற்கு முன்பே ஒரு மனிதரைக் குறிபார்த்துவிட்டவர் ஆகலாம். ஐம்பது டாலர் மிச்சமிருந்தால் அது முதலில் பைனாகுலருக்கே போக வேண்டும் என்பது என் உறுதியான துணிபு.

இனி ஒளி. சட்டம் சூரிய உதயத்துக்கு அரைமணி முன்னிருந்து அத்தமனத்துக்கு அரைமணி பின்வரை சுட இடமளிக்கிறது. மான் நடமாடுவதும் பெரும்பாலும் இவ்விரு விளிம்புகளிலேயே. நண்பகலில் எல்லா ஸ்கோப்பும் நல்ல ஸ்கோப். விலையின் வேறுபாடு அந்த அரைமணிகளில்தான் வெளிப்படுகிறது. சிக்கன ஸ்கோப்பை மதிப்பிட வேண்டிய இடம் அதுவே, அது ஒன்றே.

முன்வில்லையின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால், பின்வில்லையிலிருந்து வெளிவரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 3-9×40 என்று குறிக்கப்படும் ஸ்கோப்பை எடுத்துக்கொண்டால், முன்வில்லை 40 மில்லிமீட்டர். ஒன்பது மடங்கில் ஒளிவட்டம் 4.4 மில்லிமீட்டர், ஆறு மடங்கில் 6.7, மூன்று மடங்கில் 13.3. இருளில் இளைஞரின் கண்மணி ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் வரை விரியும். ஐம்பதைக் கடந்தவருக்கு அது 5 அளவில் நின்றுவிடும். கண்மணியைவிடச் சிறிய வட்டம் கண்ணை நிரப்பாது. பெரிய வட்டத்தின் மிச்சம் கருவிழியின் மேல் விழுந்து வீணாகும். இதிலிருந்து ஒரு குடும்பச் சட்டம் பிறக்கிறது: ஒரே ஸ்கோப்பைத் தந்தையும் மகனும் மாறிமாறிப் பயன்படுத்தினால், அந்தி வேளையில் தந்தை எட்டு மடங்குவரை செல்லலாம், மகன் ஆறோடு நிற்க வேண்டும். மகனின் கண் கூர்மையானது என்பதால் அவனுக்கே அதிகப் பெருக்கம் உரியது என்று வாதிடுவோர் கூர்மையையும் விரிவையும் ஒன்றாக்குகின்றனர். இவ்விரண்டும் வேறு.

முன்வில்லையை 50 மில்லிமீட்டராக்கினால் ஒன்பது மடங்கிலும் வட்டம் 5.6 ஆகுமே என்பது அடுத்த வாதம். கணக்கு சரி. ஆனால் பெரிய வில்லை குழலில் இடிக்காதிருக்க ஸ்கோப்பை உயர்த்திப் பொருத்த வேண்டும். உயர்த்தினால் கன்னம் ரைஃபிளின் பின்கட்டையைவிட்டு எழும். கன்னம் எழுந்தால் தலை ஆடும். தலை ஆடினால் முன்வில்லை சேர்த்துத் தந்த ஒளியால் பயனில்லை. பணத்தையும் எடையையும் கொடுத்துத் தலையாட்டத்தை வாங்குவது சிக்கனத்தின் பாற்படாது. 30 மில்லிமீட்டர் உடற்குழாயும் ஓரங்குலக் குழாயைவிட அதிக ஒளி தருவதன்று. அது தருவது குறிதிருத்தும் திருகுகளுக்கு அதிக நகர்விடம் மட்டுமே. நூறு கஜக் காட்டில் அந்த இடம் வெற்றிடமாகவே இருக்கும்.

கண்ணாடியின் பூச்சு நால்வகைப்படும்: பூச்சு, முழுப்பூச்சு, பன்னடுக்குப் பூச்சு, முழுப் பன்னடுக்குப் பூச்சு. பூச்சற்ற கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் நூற்றில் நான்கு பங்கு ஒளி திரும்பிப்போகிறது. பத்துப் பரப்புகளைக் கடந்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 1935இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்ஸாண்டர் ஸ்மாகுலா இதற்கு மருந்து கண்டார். முதல் வகையில் ஏதோ ஒரு பரப்பில் ஒற்றை அடுக்கு இருந்தால் போதும். இரண்டாம் வகையில் காற்றைத் தொடும் எல்லாப் பரப்புகளிலும் ஒற்றை அடுக்கு உண்டு. மூன்றாம் வகையில் ஏதோ ஒரு பரப்பில் பல அடுக்கு. நான்காம் வகையில் எல்லாப் பரப்பிலும் பல அடுக்கு. இரண்டாவதா மூன்றாவதா உயர்ந்தது என்று கேட்டால் விடை எளிதன்று. மூன்றாவது வகை, ஒரு பரப்பைச் சிறப்பாகக் கவனித்து மற்றவற்றைப் பற்றி எதுவும் சொல்லாமல் இருக்கிறது; இரண்டாவது வகை எல்லாவற்றையும் நடுத்தரமாகக் கவனிக்கிறது. உறுதி என்ற அளவுகோலால் இரண்டாவதையே மேலெனக் கொள்ளலாம். ஆயினும் இருநூறு டாலர் அளவிலேயே நான்காம் வகை கிடைப்பதால், இப்பூசல் கொள்கையளவில் நிற்கிறது.

கடையில் ஸ்கோப்பைச் சோதிக்கும் முறை தனியாக நோக்கத்தக்கது. வாங்குவோர் கடைக்குள் நின்றபடி பார்க்கும் பொருள்கள் மூன்று: சுவர்க்கடிகாரம், வெளியேறும் வழியைக் காட்டும் சிவப்பு விளக்குப்பலகை, சுவரில் மாட்டிய பதம்செய்த மான்தலை. கடிகாரத்தின் எண்கள் வட்டத்தின் ஓரத்தில் மங்குகின்றனவா என்று காட்டும். ஆகவே அது கூர்மைக்கு உரிய பொருள். சிவப்புப்பலகை கண்ணாடிக்குள் ஒளி சிதறுகிறதா என்று காட்டும். அது கண்கூச்சத்துக்கு உரிய பொருள். மான்தலையோ வேட்டைக்கு மிக நெருங்கியதுபோல் தோன்றி மிகக் குறைவாகக் கற்பிப்பது. வெளிச்சத்தில் தெளிவாகத் தெரியும்படியே அதை மாட்டுகிறார்கள். காட்டில் எந்த மானும் அவ்வாறு நிற்பதில்லை. மூன்றுக்கும் பொதுவான குறை இன்னும் பெரிது. குழல்விளக்கின் கீழ் கண்மணி 3 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது, 4.4 மில்லிமீட்டர் வட்டமும் 13.3 மில்லிமீட்டர் வட்டமும் அப்போது ஒரே ஒளியுடையவையாகவே தோன்றும். நவம்பர் இறுதியில் பென்சில்வேனியாவில் மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைகிறது. கடையோ அதற்குப் பின்னும் திறந்திருக்கும். துப்பாக்கியில் பொருத்தாத ஸ்கோப்பைக் கடைக்காரர் அனுமதியோடு வாசலுக்குக் கொண்டுசென்று, சாலைக்கு அப்பாலுள்ள மரத்தின் நிழலுக்குள் பட்டையின் வெடிப்பு தெரிகிறதா என்று பார்ப்பதே செல்லத்தக்க சோதனை.

கண்ணுக்கும் பின்வில்லைக்கும் இடையே வேண்டிய தொலைவு மூன்றரை அங்குலத்துக்குக் குறையலாகாது. குறைந்தால், .30-06 போன்ற தோட்டாவின் பின்னுதைப்பு ஸ்கோப்பைப் புருவத்தின் மேல் கொண்டுவந்து பிறைவடிவில் வெட்டும். இதில் கண்ணாடியின் தரம் எவ்வகையிலும் காவாது. மலிவான ஸ்கோப்புகளில் பெருக்கம் கூடக்கூட இத்தொலைவு குறைவதும் உண்டு. ஆகவே அதை ஒன்பது மடங்கிலேயே அளக்க வேண்டும். அளக்கும்போது உடுத்தியிருக்கும் உடை மற்றொரு கூறு. செப்டம்பரில் மெல்லிய சட்டையோடு பொருத்திய ஸ்கோப், டிசம்பரில் தடித்த கோட்டுக்கு மேல் கட்டையை வைக்கும்போது முன்னே தள்ளிப்போயிருக்கும். எனவே பொருத்தும் வேலையை, எந்தப் பருவமானாலும், குளிர்காலக் கோட்டும் அதன் மேல் சட்டம் கேட்கும் 250 சதுர அங்குல ஆரஞ்சு நிற மேலாடையும் தொப்பியும் அணிந்தே செய்ய வேண்டும். வீட்டின் கூடத்தில் வெப்பம் மிகுந்தால் சன்னலைத் திறக்கலாம், கோட்டைக் கழற்றலாகாது. ரைஃபிள் வெறுமையாக இருக்கிறதா என்பதை இருமுறை பார்ப்பது இதற்கெல்லாம் முன்னது.

குறிதிருத்தும் திருகின் சொடுக்கு, ஒலித்து உணரப்படுவது, உணரப்பட்டு ஒலிக்காதது, ஒலித்து உணரப்படாதது, இரண்டுமற்றது என நான்காகும். கடையில் முதல் வகையே விலைபோகிறது. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் திருகுபவருக்கு இரண்டாம் வகையும் போதும். கேட்க வேண்டியது, திருகியபின் அது அங்கேயே நிற்கிறதா என்பது. இதற்குச் சதுரச் சோதனை உண்டு: மேலே இருபது சொடுக்கு, வலமாக இருபது, கீழே இருபது, இடமாக இருபது, ஒவ்வொரு மூலையிலும் ஒரு குண்டு, கடைசிக் குண்டு முதற்குண்டின் துளைக்கே திரும்ப வேண்டும். ஒரு சொடுக்கு நூறு கஜத்தில் கால் அங்குலம் என்பது வழக்கு. நுட்பமாகச் சொன்னால் நான்கு சொடுக்கு 1.047 அங்குலம். எஞ்சும் 0.047 அங்குலம் முந்நூறு கஜத்தில் 0.14 ஆக வளர்கிறது. மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதி எட்டு அங்குல அகலமுடையது. ஆகவே இவ்வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும்; அதற்காகப் பணம் செலவிட வேண்டியதில்லை.

குறுக்கிழைகளுள் லூபோல்ட் நிறுவனம் 1962இல் கொண்டுவந்த டூப்ளெக்ஸ் வகைக்கு மேல் தேவையில்லை: ஓரங்களில் தடித்து நடுவில் மெலிந்தது. அந்தியில் மெல்லிய இழை மறைந்தாலும் தடித்த நான்கு கம்பங்களும் நடுவைக் காட்டும். 150 கிரெயின் குண்டுடைய .308 ரைஃபிளை இருநூறு கஜத்துக்குக் குறிசேர்த்தால், நூறில் அது ஏறக்குறைய இரண்டங்குலம் உயர்ந்தே செல்லும்; அந்த இருநூறு கஜத்துக்குள் எட்டங்குலப் பகுதியைவிட்டு எங்கும் விலகாது. தூரத்துக்கொரு கோடு வரைந்த இழைகள் சமவெளி மாநிலத்தாருக்கு உரியவை.

நிறுவனத்தைப் பற்றிச் சிறிது. ஓரிகனின் லூபோல்டும் விஸ்கான்சினின் வோர்டெக்ஸும் 3-9×40 உருவில் முறையே விஎக்ஸ்-ஃப்ரீடம், கிராஸ்ஃபயர் 2 என்பவற்றைச் சிக்கன வரிசையில் விற்கின்றன. இரண்டும் தம் ஸ்கோப்பை யார் கையில் இருந்தாலும், முதலில் வாங்கியவர் அல்லாதவராயினும், பழுதுபார்த்துத் தருவதாக உறுதியளிப்பவை. இதன் விளைவு பலரும் நினைப்பதைவிட ஆழமானது. உறுதிமொழி பொருளோடு செல்வதால், இருநூறு டாலருக்குப் பெயரறியாத புதியதை வாங்குவதைவிட, அதே விலைக்கு இந்நிறுவனங்களின் பழைய ஸ்கோப்பை வாங்குவதே நன்று. கீறல் விழுந்த குழாய் மானைப் பாதிப்பதில்லை.

ஸ்கோப்பை ரைஃபிளோடு பிணைக்கும் வளையங்களில் மிச்சம் பிடிப்பது மிச்சமாகாது. உருக்கோ நல்ல அலுமினியமோ, தாழ்வான உயரமே கொள்ளத்தக்கது; திருகுகளை 15 முதல் 18 அங்குல-பவுண்டு விசைக்கு, அதற்குரிய முறுக்குவிசைத் திருப்புளியால் இறுக்க வேண்டும். கைப்பழக்கத்தால் இறுக்குவோர் குழாயை நசுக்குகின்றனர், அல்லது விசை போதாமல் விடுகின்றனர். சுட்ட தோட்டாவின் கூட்டை மேல்நோக்கி எறியும் பழைய வின்செஸ்டர் 94 ரைஃபிள் வைத்திருப்போருக்கு ஸ்கோப்பை நேர்மேலே பொருத்த இயலாது. பக்கவாட்டில் எறியும் மார்லின் 336 உடையார்க்கு இத்தடை இல்லை.

இறுதியாக வில்லைமூடி. அது மூவகை: ரப்பர்ப் பட்டையால் இணைந்த இரட்டை மூடி, வில்விசையால் தானே திறப்பது, தனித்தனியாக மாட்டுவது. மூன்றாவது முதல் பருவத்திலேயே ஒன்று தொலைந்து ஒற்றையாகிவிடும். மிஞ்சிய ஒன்று எவ்வில்லைக்கு உரியதோ அவ்வில்லையே பெரும்பாலும் மழையைச் சந்திக்காத பக்கம். இரண்டாவது விரைவானது, ஆனால் திறக்கும்போது எழும் ஒலி நாற்பது கஜத்திலுள்ள மானுக்குக் கேட்கும். முதல்வகை மெதுவானது, ஓசையற்றது, விலை குறைந்தது. காட்டில் அமர்ந்தவுடனே அதைக் கழற்றி இடப்பக்கப் பையில் வைக்க வேண்டும். வலப்பக்கப் பை தோட்டாக்களுக்கு உரியது. இடக்கை வழக்கமுடையவருக்கு இப்பைகள் இரண்டும் இடம் மாறும்.