மாட்டுக் காதும் உன் பாட்காஸ்டும்

வாடா பேராண்டி, இப்படித் திண்ணையில குந்து. காதுல அது இன்னா, பாட்காஸ்டா? நல்லது. தாம்பரத்துல ரயிலேறி மறைமலை நகர்ல எறங்குற வரைக்கும் நல்ல பேச்சா ரெண்டு கேட்டுக்கினு வந்தா யாருக்கு நஷ்டம்? ஆனா ராவெல்லாம் நீ கேட்ட மாதிரி தெரியலையே! ஒவ்வொரு ஃபைலா தொறந்து டேக் இல்ல போட்டுக்கினு இருந்தே? மூடு, ரேட்டிங், தாளம்னு எத்தினி கட்டம்! ஏரி தூர்வாரினதப் பத்திப் பேசுறாங்க, அதுக்கு நிமிசத்துக்கு எத்தினி தாளம்னு எழுதி இன்னாடா பண்ணப் போற?

டேக்கே தப்புன்னு சொல்லல. ஃபைலுக்கு வெளிய எழுதுற பேரு நிக்காது. வாட்ஸ்அப்புல ஒரு வாட்டி போய் வந்தா 'ஏயூடி'ன்னு ஆரம்பிச்சு வெறும் தேதியும் நம்பருமா பல்லிளிக்கும். டேக்கு உள்ளார குந்தியிருக்கும். வெளிப்பேரை மாத்தினாலும் அது மாறாது. நம்ம மாட்டுக் காதுல மஞ்சப் பட்டை போட்டு 12 இலக்க நம்பர் குத்தியிருக்காங்களே, அந்த மாதிரி. மாடு எந்தச் சந்தைக்குப் போனாலும் நம்பரு கூடவே போவும். மாட்டுக்கு இன்னிக்கு மூடு எப்படின்னு அதுல எழுதியிருக்கா?

1996ல எரிக் கெம்ப்னு ஒருத்தரு இந்த ஐடி3 டேக்கைக் கொண்டாந்தாரு. எம்பி3 ஃபைலோட வாலுல 128 பைட்டு, அவ்ளோதான். தலைப்புக்கு 30, பாடினவருக்கு 30, ஆல்பத்துக்கு 30. வகைக்கு ஒரே ஒரு பைட்டு. மொதல்ல வச்ச 80 வகையில போல்கா ஆட்டத்துக்கு இடம் இருந்துச்சு. பேச்சுக்கும் இல்ல, நாட்டுப்பாட்டுக்கும் இல்ல! அப்பால வின்ஆம்ப்னு பாட்டு போடுற மென்பொருள் செஞ்சவங்கதான் சேர்த்தாங்க. அந்த டேக்குக்குத் தமிழும் தெரியாது. யூடிஎஃப்-8ங்கிற எழுத்துக் குறியீட்டுல திணிச்சாலும், புள்ளி, கொம்பு எல்லாத்தையும் தனியா எண்ணி ஒவ்வொண்ணும் 3 பைட்டு துன்னும். 'பொன்னியின்'னு எழுதினாலே முப்பதும் காலி. செல்வன் தெருவுல நிக்க வேண்டியதுதான்!

1998ல வந்த ரெண்டாவது ஐடி3தான் டேக்கை ஃபைலோட தலைமாட்டுக்குக் கொண்டாந்து, தமிழுக்கும் இடம் குடுத்துச்சு. இடம் கெடச்சதும் உங்க ஆட்டம் ஆரம்பம். எபிசோடுக்கு எபிசோடு கல்யாண பேனர் கணக்கா ஒரு படம். அப்பால ஃபோனுல இடமில்லன்னு ஒப்பாரி.

இவ்ளோ ஜோடிச்சியே, நிகழ்ச்சிப் பேருல வர்ற ஊரை ஒழுங்கா எழுதினியா? ஒரு நாளு 'மறைமலை நகர்'. ஒரு நாளு ஒட்டவச்சு 'மறைமலைநகர்'. அவசரத்துல 'எம்.எம். நகர்'. மூணும் ஒரே ஊருன்னு டிக்கெட் குடுக்கிறவருக்குத் தெரியும். ஃபோனுக்குத் தெரியுமா? மூணு ஆல்பமா பிரிச்சுப் போட்டுடும். பங்காளிச் சண்டையில வூடு பிரியலாம், ஒரு இடைவெளியில நிகழ்ச்சி பிரியணுமா?

சீர்காழிக்காரரு எஸ்.ஆர். ரங்கநாதன், மெட்ராஸ் யுனிவர்சிட்டி நூலகரு, நூலகத்துக்கு அஞ்சு விதி எழுதி 1931ல புத்தகமாப் போட்டாரு. புத்தகம் இருக்கிறது பயன்படத்தான்னு மொத விதி. வாசகனோட நேரத்தை மிச்சம் பண்ணுன்னு நாலாவது. அடுக்குறவன் அடுக்கிக்கினே கெடக்கணும்னு ஆறாவது விதி ஒண்ணு எழுதினாரா? உலகத்துப் புத்தகத்துக்கெல்லாம் வகை சொன்ன மனுசனே அதைச் சொல்லல. நீ யாருடா?

கேட்டுக்க. ஆல்பத்துல நிகழ்ச்சிப் பேரு, எப்பவும் ஒரே எழுத்துல. கலைஞர் கட்டத்துல பேசினவரு. டிராக்குல எபிசோடு நம்பரு. தலைப்புல விசயம்; 'செம்ம எபிசோடு'ன்னு போட்டா ஆறு மாசம் கழிச்சு உனக்கே வெளங்காது, 'கொளவாய் ஏரி மீன்'னு போட்டா வெளங்கும். தலைப்புக்கு முன்னாடி நம்பர் போடுவேன்னா 001, 002ன்னு போடு; இல்லாட்டி பல ஆப்புல ஒண்ணுக்கு அப்புறம் பத்து வந்து நிக்கும், ரெண்டு பின்னாடி முழிக்கும். பழசையெல்லாம் சரி பண்ண எம்பி3டேக்னு ஒரு மென்பொருள் இருக்குது, மொத்தமா புடிச்சு ஒரே அமுக்குல பேரை மாத்தும். ராக்கண் முழிக்காத.

நாலு கட்டம் நெரம்பிச்சா? கையை எடு. எத்தினி எபிசோடுக்கு டேக் போட்டேன்னு எங்கிட்ட பீத்திக்காத. கேட்டதுல உருப்படியா ஒரு விசயம் சொல்லு, நீ கெட்டிக்காரன்னு தாத்தன் ஒத்துக்குறேன்.